விற்பனை ஆர்டரிலிருந்து உற்பத்தித் தளம் வரை: ஒரு பம்ப்செட் தொழிற்சாலையில் எஸ்ஏபி திட்டமிடலை அமைத்த பதிவு

கோயம்புத்தூரில் விவசாயப் பம்ப்செட்டுகள் தயாரிக்கும் நடுத்தரத் தொழிற்சாலை ஒன்றில், நிறுவன நிர்வாகத்துக்கான எஸ்ஏபி மென்பொருளின் விற்பனைப் பகுதியையும் உற்பத்தித் திட்டமிடல் பகுதியையும் இணைத்து அமைக்கும் குழுவில் வேலை செய்தேன். விற்பனைப் பிரிவு ஓர் ஆர்டரைப் பதிவு செய்து சேமித்தவுடன் அது அசெம்பிளி வரிசைக்கு வேலை உத்தரவாகப் போய்விடும் என்றே தொடக்கத்தில் அங்கிருந்தவர்கள் பலரும் எதிர்பார்த்தனர். மென்பொருள் அப்படி நடந்துகொள்வதில்லை. விற்பனை ஆர்டரிலிருந்து திட்டமிடலுக்குப் போவது ஒரு ‘தேவை’ மட்டுமே. எந்தப் பொருள், எத்தனை, எந்தத் தேதிக்கு என்ற மூன்று விவரங்களோடு, இந்தத் தேவையை எப்படிக் கணக்கில் எடுப்பது என்ற நான்காவது விவரமும் அதில் ஒட்டியிருக்கும். முதல் மூன்றையும் விற்பனைப் பிரிவினர் திரையில் தட்டச்சு செய்கிறார்கள். நான்காவதை யாரும் தட்டச்சு செய்வதில்லை என்பதால் அது யார் கண்ணிலும் படுவதில்லை. திட்டமிடலில் எழும் குழப்பங்களில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

அந்தத் தொழிற்சாலையின் தயாரிப்புகள் இரண்டு விதமானவை. ஒரு குதிரைத்திறன் மோனோபிளாக் (பம்ப்பும் மோட்டாரும் ஒரே உடலாக அமைந்தது) போன்றவை டீலர்கள் கேட்டவுடன் கிடங்கிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியவை. கோடை தொடங்குவதற்கு முன்பே அவற்றை உற்பத்தி செய்து அடுக்கி வைத்துவிடுவார்கள். போர்வெல்லில் இறக்கும் சப்மெர்சிபிள் பம்ப் அப்படியல்ல. கிணற்றின் ஆழத்தையும் வேண்டிய நீரளவையும் பொறுத்து ஸ்டேஜ்களின், அதாவது நீரைப் படிப்படியாக மேலே தள்ளும் அடுக்குகளின், எண்ணிக்கை மாறும். 12 ஸ்டேஜ் கேட்டவருக்கு 10 ஸ்டேஜ் பம்ப்பைக் கொடுக்க முடியாது. ஆனால் இரண்டுக்கும் கீழே மாட்டும் 7.5 குதிரைத்திறன் மோட்டார் ஒன்றேதான். இந்த மூன்று பொருள்களையும், அதாவது மோனோபிளாக், சப்மெர்சிபிள் பம்ப், பொது மோட்டார் ஆகியவற்றை, சோதனைக் களத்தில் எடுத்துக்கொண்டு, ஒரே விதமான ஆர்டரைப் பதிவு செய்து, தேவையைக் கணக்கில் எடுக்கும் முறையான ஸ்ட்ராட்டஜியை மட்டும் மாற்றி மாற்றி, ஒரு பொருளின் இருப்பையும் தேவைகளையும் தேதிவாரியாகக் காட்டும் எம்டி04 திரையில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதே எங்கள் முறையாக இருந்தது.

நான்காவது விவரம் எங்கிருந்து வருகிறது

ஆர்டரில் ஒரு பொருளைச் சேர்த்தவுடன், அந்த நான்காவது விவரத்தை, அதாவது அதற்குரிய தேவை வகையை, மென்பொருள் தேடத் தொடங்குகிறது. முதலில் அது பார்ப்பது பொருள் பதிவின் எம்ஆர்பி 3 பக்கத்தில் உள்ள ஸ்ட்ராட்டஜி குழுவை (எம்ஆர்பி என்பது எந்தப் பொருள், எத்தனை, எப்போது வேண்டும் என்று கணக்கிடும் பொருள் தேவைத் திட்டமிடல்). அங்கே எதுவும் இல்லையென்றால் எம்ஆர்பி குழுவையும், அதுவும் இல்லையென்றால் பொருள் வகையையும் வைத்துத் தேடும். அதிலும் கிடைக்காவிட்டால், ஆர்டர் வரியின் (ஆர்டரில் ஒவ்வொரு பொருளுக்கும் உள்ள பதிவின்) வகையையும் எம்ஆர்பி வகையையும் சேர்த்து ஒரு பொது அட்டவணையில் பார்க்கும். கடைசியாக வரி வகையை மட்டும் வைத்து ஒருமுறை முயன்றுவிட்டு, அப்போதும் கிடைக்கவில்லை என்றால், இந்த வரிக்கு இருப்புச் சோதனையும் வேண்டாம், தேவையை அனுப்பவும் வேண்டாம் என்று முடிவு செய்துவிடும். இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் எம்டி04 திரையின் முன் உட்கார்ந்தால், ஆர்டர் அங்கே ஏன் வரவில்லை என்பதற்குக் காரணம் கண்டுபிடிக்கவே முடியாது.

தேவை வகை கிடைத்துவிட்டாலும், ஆர்டர் வரிக்குள் தேதியையும் எண்ணிக்கையையும் தாங்கி இருக்கும் ஷெட்யூல் லைன் அதை அனுமதிக்க வேண்டும். சிபி என்ற ஷெட்யூல் லைன் வகை தேவையை எம்ஆர்பிக்கு அனுப்பும், சிஎன் அனுப்பாது. திட்டமிடல் வேண்டாம் என்று பொருள் பதிவில் என்டி வகையை வைத்திருந்தால் சிஎன் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். பழைய மென்பொருளிலிருந்து பொருள் பதிவுகளை மொத்தமாக ஏற்றும்போது சில பொருள்கள் என்டி என்று வந்திருந்தன. அவற்றுக்கான ஆர்டர்கள் எல்லாம் விற்பனைப் பக்கத்தில் நலமாக இருக்க, உற்பத்திப் பக்கத்தில் அப்படி ஓர் ஆர்டர் இருப்பதற்கான தடயமே இல்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆர்டரைச் சேமிக்கும்போது எந்தத் தேவை வகை கிடைத்ததோ அதுவே அந்த ஆர்டரோடு ஒட்டிக்கொண்டுவிடும். பிறகு பொருள் பதிவில் ஸ்ட்ராட்டஜியை மாற்றினால் புதிய ஆர்டர்களுக்குத்தான் அது பொருந்தும். ஆகவே நிலுவை ஆர்டர்களைப் புதிய மென்பொருளில் ஏற்றுவதற்கு முன்பே பொருள் பதிவுகளின் எம்ஆர்பி பக்கங்கள் முழுமையாகச் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும் என்பதை நிபந்தனையாகவே வைத்தோம்.

மோனோபிளாக்: முன்கணிப்பும் ஆர்டரும் ஒன்றையொன்று தின்னும் கணக்கு

மோனோபிளாக்குக்கு முதலில் ஸ்ட்ராட்டஜி 10 வைத்துப் பார்த்தோம். இதில் உற்பத்தி முழுவதும் எம்டி61 திரையில் பதிவு செய்த முன்கணிப்பின்படியே நடக்கும். விற்பனை ஆர்டர் எம்டி04 திரையில் கண்ணுக்குத் தெரியும்; கணக்கில் சேராது. சரக்கு வெளியே போகும்போதுதான் முன்கணிப்பு குறையும். ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே சீராக விற்கும் பொருளுக்கு இது போதும். ஆனால் பம்ப்செட் விற்பனை மழையையும் நிலத்தடி நீர்மட்டத்தையும் நம்பியிருக்கிறது. ஒரு மாதத்தில் திடீரென்று இரண்டு மடங்கு ஆர்டர் வந்தாலும் திட்டம் அசையாமல் நிற்பதை உற்பத்தி மேலாளர் ஏற்கவில்லை. எனவே ஸ்ட்ராட்டஜி 40க்குப் போனோம்.

ஸ்ட்ராட்டஜி 40இல் முன்கணிப்பும் இருக்கும், ஆர்டரும் கணக்கில் சேரும். ஆனால் ஆர்டர் வந்தவுடன் அது முன்கணிப்பின் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ளும். நான்கு வாரங்களுக்கு வாரம் 100 என்று முன்கணிப்பு வைத்தோம்; ஒவ்வொரு 100உம் அந்தந்த வாரத்தின் முதல் வேலைநாளில் நிற்கும். கழிக்கும் முறையைப் பின்னோக்கி மட்டும் என்றும், கால அளவை 20 வேலைநாள் என்றும் அமைத்துவிட்டு, மூன்றாம் வாரப் புதன்கிழமைக்கு 140 எண்ணிக்கையில் ஓர் ஆர்டர் போட்டோம். அந்த ஆர்டர் முதலில் மூன்றாம் வாரத்தின் 100ஐ முழுவதும் கழித்தது; மீதி 40ஐ இரண்டாம் வாரத்திலிருந்து எடுத்துக்கொண்டதால் அங்கே 60 நின்றது. எம்டி04 திரையில் வரிசையாக 100, 60, பிறகு ஆர்டரின் 140, கடைசி வாரத்தின் 100. கூட்டினால் அதே 400.

அப்போது பக்கத்தில் இருந்த திட்டமிடல் உதவியாளர், “ஆர்டர் 140 வந்திருக்குதுங்க சார், ஆனா மொத்தம் அப்படியே 400லயே நிக்குது, அப்ப இந்த ஆர்டருக்குன்னு நாம எதுவும் ஓட்டலைங்களா?” என்று கேட்டார். மிகச் சரியான கேள்வி அது. எதிர்பார்த்த விற்பனைதான் இப்போது ஆர்டராக வந்திருக்கிறது என்று மென்பொருள் எடுத்துக்கொள்கிறது; அதற்காகக் கூடுதலாக ஒன்றையும் அது உற்பத்தி செய்யச் சொல்லாது. எதிர்பாராததாக ஓர் ஆர்டர் வரும்போது என்ன நடக்கும் என்று காட்டுவதற்காக, அதே மூன்றாம் வார வெள்ளிக்கிழமைக்கு இன்னும் 200 போட்டோம். பின்னோக்கிப் போனால் மிஞ்சியிருந்தது இரண்டாம் வாரத்தின் 60உம் முதல் வாரத்தின் 100உம் மட்டுமே. 160 கழிந்தது, எஞ்சிய 40 புதிய தேவையாக மேலேறி, மொத்தம் 440 ஆனது. கழிக்கும் முறையைப் பின்னோக்கி, பிறகு முன்னோக்கி என்று மாற்றியபோது, அந்த 40 நான்காம் வாரத்தின் 100இலிருந்து போய், மொத்தம் மீண்டும் 400க்கே வந்தது.

இவற்றில் எது சரி என்பது வணிகத்தைப் பொறுத்த முடிவு. டீலர்கள் அடுத்த வாரம் வாங்க வேண்டியதை இந்த வாரமே வாங்கிவிட்டார்கள் என்று கருதினால் முன்னோக்கியும் கழிக்கலாம். சந்தை உண்மையிலேயே பெருகியிருக்கிறது என்று கருதினால் பின்னோக்கி மட்டும் கழித்து நிறுத்திக்கொள்வது நல்லது. கோடைக்காலத்தில் பின்னோக்கி மட்டும் என்பதே என் கருத்தாக இருந்தது, தொழிற்சாலையும் அதையே ஏற்றுக்கொண்டது. ஏனென்றால் அந்த மாதங்களில் சரக்கு மிஞ்சுவதால் வரும் இழப்பைவிடச் சரக்கு இல்லை என்று டீலரைத் திருப்பி அனுப்புவதால் வரும் இழப்பு பெரியது.

விற்காமல் போன முன்கணிப்பைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. மார்ச் மாதத்துக்கு 400 என்று வைத்து, 310தான் விற்றது என்றால், மீதமுள்ள 90 மார்ச் முடிந்த பிறகும் அப்படியே பழைய தேதியில் நின்று, எம்ஆர்பி ஓடும்போதெல்லாம் 90 பம்ப் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். மாத முடிவில் எம்டி74 என்ற கட்டளை கொண்டு அதைச் சரிசெய்வதை ஒருவரின் பொறுப்பாக்கி, மாதமுடிவு வேலைப் பட்டியலில் எழுதி வைத்தோம்.

சப்மெர்சிபிள்: ஆர்டருக்கென்று தனி வீடு

12 ஸ்டேஜ் சப்மெர்சிபிளுக்கு ஸ்ட்ராட்டஜி 20. இதில் முன்கணிப்பு இல்லை. ஒவ்வொரு விற்பனை ஆர்டர் வரிக்கும் எம்டி04 திரையில் ஒரு தனிப் பிரிவு திறக்கும். அந்த ஆர்டருக்கான உற்பத்தி அந்தப் பிரிவுக்குள்ளேயே நடந்து, முடிந்த பம்ப் அந்த ஆர்டரின் பெயரிலேயே தனி இருப்பாகக் கிடங்கில் நிற்கும். வேறொரு டீலர் அவசரமாகக் கேட்டாலும் மென்பொருள் அதை எடுத்துக் கொடுக்காது.

சோதனைக்கு 40 பம்ப் கொண்ட ஓர் ஆர்டரைப் போட்டோம். பிஓஎம்மில், அதாவது பாகங்களின் பட்டியலில், பம்ப் ஒன்றுக்கு மோட்டார் 1, இம்பெல்லர் (நீரைத் தள்ளும் சுழல்சக்கரம்) 12, டிஃப்யூசர் (நீரை அடுத்த அடுக்குக்கு வழிநடத்தும் பாகம்) 12, ஷாஃப்ட் 1, கேபிள் காப்பு 1, வடிகட்டி 1 என்று இருந்தது. எம்ஆர்பி ஓடியவுடன் 40 பம்ப்புக்கு ஒரு பிளான்டு ஆர்டரும் (இன்னும் உறுதியாகாத உற்பத்தித் திட்டம்), அதன்கீழ் 40 மோட்டாருக்கும் 480 டிஃப்யூசருக்கும் சார்புத் தேவைகளும் உருவாயின. இம்பெல்லருக்கு மட்டும் 490 என்று வந்தது. பொருத்தும்போது கழிவாகும் அளவாக 2 சதவீதம் பிஓஎம்மில் கொடுத்திருந்தோம், 489.6 என்பது முழு எண்ணாக மேலேறியது. வாடிக்கையாளர் கேட்டதை மட்டும் சார்பற்ற தேவை என்றும், அதிலிருந்து கணக்கிட்டுப் பெறக்கூடியவற்றைச் சார்புத் தேவை என்றும் பிரித்து, இரண்டாவதை முன்கணிக்கவே கூடாது என்ற கொள்கையில்தான் ஜோசப் ஒர்லிக்கி 1960களில் எம்ஆர்பி முறையை வகுத்தார். இன்றைய மென்பொருளின் உள்ளேயும் அதே கணக்குதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் கிடங்குப் பொறுப்பாளர் ஒரு விந்தையைக் காட்டினார். பொது இருப்பில் 30 மோட்டார்கள் சும்மா இருக்க, எம்ஆர்பி அவற்றைத் தொடாமல் 40 மோட்டாருக்கும் புதிதாகப் பிளான்டு ஆர்டர் போட்டிருந்தது. காரணம், மோட்டாரின் எம்ஆர்பி 4 பக்கத்தில் தனித் தேவையா கூட்டுத் தேவையா என்று கேட்கும் புலம் காலியாக இருந்தது. காலியாக இருந்தால் மோட்டார் தன் மேலே உள்ள பம்ப்பைப் பின்பற்றும். பம்ப் அந்த விற்பனை ஆர்டரின் தனிப் பிரிவில் இருப்பதால் மோட்டாரும் அதற்குள்ளேயே போய்விட்டது. அங்கே இருந்துகொண்டு வெளியே உள்ள பொது இருப்பை அது பார்ப்பதில்லை. அந்தப் புலத்தில் 2 என்று, அதாவது கூட்டுத் தேவை மட்டும் என்று கொடுத்துவிட்டு மறுபடி ஓட்டியபோது, 30ஐக் கழித்துக்கொண்டு 10 மோட்டாருக்கு மட்டும் பிளான்டு ஆர்டர் வந்தது. இம்பெல்லர், டிஃப்யூசர், ஷாஃப்ட் ஆகியவற்றுக்கும் அதையே செய்தோம். வாடிக்கையாளரின் பெயர்ப்பலகை போன்ற, வேறு யாருக்கும் உதவாத பொருள்களை மட்டும் தனித் தேவையாகவே விட்டுவைத்தோம்.

தேதிகள்

எண்ணிக்கையைவிடத் தேதிகளில்தான் நாங்கள் அதிக நேரம் செலவிட்டோம். விற்பனை ஆர்டரில் வாடிக்கையாளர் கேட்கும் தேதி சரக்கு அவர் கைக்குக் கிடைக்க வேண்டிய தேதி. உற்பத்திக்குப் போகும் தேதி அதுவல்ல. பொருள் கிடங்கில் தயாராக இருக்க வேண்டிய தேதி. இரண்டுக்கும் இடையில் லாரியின் பயண நாள்களும், கட்டி ஏற்றும் நாளும் இருக்கின்றன.

ஜெய்ப்பூருக்கு 2024 ஜனவரி 29 அன்று சேர வேண்டிய ஆர்டர் என்று ஒரு மாதிரியை எடுத்துக் காகிதத்தில் கணக்குப் போட்டு, பிறகு அதையே மென்பொருளில் ஓட்டி ஒப்பிட்டோம். பாதையின் பயண நாள்கள் 5; லாரிக்கு விடுமுறை இல்லை என்று வைத்துக்கொண்டால், சரக்கு 24 அன்று வெளியேற வேண்டும். கட்ட ஒரு நாள். எனவே 23 அன்று கிடங்கில் இருக்க வேண்டும். சோதனைமேடையில் ஓட்டிப் பார்க்க ஒரு வேலைநாள். பம்ப் அசெம்பிளி 22 அன்று முடிய வேண்டும். அசெம்பிளிக்கு 4 வேலைநாள். 22இலிருந்து நான்கு நாள் பின்னால் போனால் 18 என்று மனக்கணக்கு சொல்லும். ஆனால் தொழிற்சாலை நாள்காட்டியில் 21 ஞாயிறு. 15, 16, 17 பொங்கல். 14 மறுபடி ஞாயிறு. ஆகவே அசெம்பிளி 13ஆம் தேதி சனிக்கிழமையே தொடங்க வேண்டும், அன்றைக்கு மோட்டாரும் கையில் இருக்க வேண்டும். மோட்டாருக்கு 6 வேலைநாள், ஜனவரி 6. வைண்டிங் ஒயர் வந்தபின் தரச்சோதனைக்கு 2 வேலைநாள், ஜனவரி 4. ஒயர் வழங்குநருக்கு 12 நாள். இது மட்டும் வேலைநாள் கணக்கல்ல, நாள்காட்டி நாள் கணக்கு. 2023 டிசம்பர் 23.

கொள்முதல் காலத்தை நாள்காட்டி நாள்களாகவும், உள் உற்பத்திக் காலத்தை வேலைநாள்களாகவும் மென்பொருள் எடுத்துக்கொள்வதை அறியாமல், இரண்டு புலங்களிலும் ஒரே கணக்கில் எண்களை நிரப்பியிருப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். ஆண்டு முழுவதும் ஓரிரு நாள் பிசகாகத் தெரியும் அது, ஆயுத பூஜை, தீபாவளி, பொங்கல் காலங்களில் ஒரு வாரப் பிசகாகிவிடும்.

இப்போது விற்பனைப் பிரிவு அந்த ஆர்டரை ஜனவரி 5 அன்று பதிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒயருக்கான கொள்முதல் தேதி ஏற்கெனவே கடந்துபோய்விட்டது. மென்பொருள் ஒயரை மட்டும் அன்றைய தேதியிலிருந்து முன்னோக்கிக் கணக்கிட்டு, 17 அன்று வந்து, 19 அன்று சோதனை முடியும் என்று சொல்லும். மோட்டாரின் தொடக்கத் தேதியோ 6 என்றே நிற்கும். கீழே உள்ள பொருள் தாமதமாவதால் மேலே உள்ள பொருளின் தேதியை எம்ஆர்பி தானாகத் தள்ளி வைப்பதில்லை. ஒரு விதிவிலக்குச் செய்தியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடும். அந்தச் செய்தியைப் படிப்பதற்கு ஒருவர் இல்லையென்றால், எம்டி04 திரையில் எல்லாம் ஒழுங்காக இருப்பது போலவே தோன்றும், ஜனவரி 6 காலையில் வைண்டிங் பிரிவில் ஒயர் மட்டும் இருக்காது.

இதனால்தான் தேதியை ஆர்டர் பதிவின்போதே பிடிக்க வேண்டும் என்று வற்புறுத்தினோம். எம்ஆர்பி 3 பக்கத்தில் மொத்த நிரப்பல் காலம், அதாவது கொள்முதல் முதல் சோதனை வரை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆகும் காலம், என்று ஒரு புலம் இருக்கிறது. ஒயரின் 12 நாள்களை ஏறத்தாழ 10 வேலைநாளாகக் கொண்டு, 10, 2, 6, 4, 1 என்று கூட்டினால் 23 வேலைநாள். இந்த எண்ணை அங்கே கொடுத்து, இருப்புச் சோதனையில் நிரப்பல் காலத்தையும் சேர்த்துக்கொள்ளும்படி அமைத்தால், விற்பனைப் பிரிவினர் அதற்கு முந்தைய தேதியைக் கேட்கும்போது, கைவசம் சரக்கு இல்லாவிட்டால், 23 வேலைநாளுக்குப் பிந்தைய தேதியை உறுதி செய்து திரையிலேயே காட்டிவிடும். விற்பனைப் பிரிவுக்கு இது பிடிக்கவில்லை. வாடிக்கையாளர் கேட்கும் தேதியாக ஆர்டர் போட்ட அன்றைய தேதியையே விட்டுவிடும் பழக்கம் அதுவரை அங்கே இருந்தது; எல்லா ஆர்டரும் அவசரம் என்றால் எதற்கு முதலிடம் கொடுப்பது என்று உற்பத்திப் பிரிவு தன் விருப்பப்படி முடிவு செய்துகொண்டிருந்தது.

23 நாளை 5 நாளாக்கிய மோட்டார்

விற்பனைப் பிரிவின் மறுப்பில் நியாயமும் இருந்தது. போர்வெல் போட்டுவிட்டு நிற்கும் விவசாயியிடம் நான்கு வாரம் பொறுங்கள் என்று எந்த டீலரும் சொல்ல முடியாது. எனவே பம்ப்பை ஆர்டருக்கே தயாரிப்பது, மோட்டாரை மட்டும் முன்கணிப்பின்படி தயாரித்து வைப்பது என்ற முடிவுக்கு வந்தோம். அதற்கு ஸ்ட்ராட்டஜி 70. மோட்டாருக்கு எம்டி61 திரையில் வாரம் 25 என்று முன்கணிப்பு வைத்து, எம்ஆர்பி 3 பக்கத்தில் கலப்புத் திட்டமிடல் புலத்தில் 1 கொடுத்து, முன்பே சொன்ன கூட்டுத் தேவைக் குறியீட்டையும் உறுதி செய்துகொண்டோம். இப்போது மோட்டாரின் முன்கணிப்பை விற்பனை ஆர்டர் நேரடியாகக் கழிப்பதில்லை. பம்ப்பின் பிளான்டு ஆர்டரிலிருந்து இறங்கும் சார்புத் தேவை கழிக்கிறது. ஜனவரி 13க்கு 40 மோட்டார் தேவை என்று இறங்கியபோது, 8ஆம் தேதியில் நின்ற 25 முழுவதும், 1ஆம் தேதியில் நின்ற 25இல் 15உம் கழிந்தன.

பம்ப்பின் நிரப்பல் காலம் 4 வேலைநாள் அசெம்பிளியும் ஒரு நாள் சோதனையும் சேர்ந்து 5 ஆகச் சுருங்கியது. ஆனால் இந்த 5 என்ற எண் ஒரு நிபந்தனையோடு வருகிறது. மோட்டார் மட்டும் இருந்தால் போதாது. 12 இம்பெல்லரும் 12 டிஃப்யூசரும் ஷாஃப்ட்டும் அதே நாளில் வரிசையில் இருக்க வேண்டும். வெளியில் இருந்து வாங்கும் வார்ப்புகளுக்கு மறு ஆர்டர் அளவு வைத்து விபி வகையில் திட்டமிட்டோம். இருப்பு அந்த அளவுக்குக் கீழே இறங்கினால் கொள்முதல் கோரிக்கை எழும். ஸ்டேஜ்களின் எண்ணிக்கை எதுவானாலும் இம்பெல்லர் ஒன்றே என்பதால் அதை இருப்பு வைப்பதில் பெரிய இடர் இல்லை. ஷாஃப்ட்டின் நீளம் ஸ்டேஜுக்கு ஏற்ப மாறும். அதை வெட்டாத கம்பியாகவே வைத்துக்கொண்டு, ஆர்டர் வந்தபின் வெட்டிக் கடைவது என்று உற்பத்தி மேலாளர் சொன்ன தீர்வு எங்கள் குழுவில் யாருக்கும் தோன்றாதது.

ஆர்டர் மாறும்போது

எல்லாம் அமைந்தபின், வாடிக்கையாளர் மனம் மாறுவதைச் சோதித்தோம். 40 பம்ப் ஆர்டரை 25 ஆக்கினோம். பிளான்டு ஆர்டர் நிலையில் இருந்தவரை, அடுத்த எம்ஆர்பி ஓட்டத்தில் அது தானாக 25 ஆகிவிட்டது. விற்பனை ஆர்டரில் செய்யும் மாற்றம் அந்தப் பொருளைத் திட்டமிடல் கோப்பில் குறித்து வைக்கும் என்பதால், இரவு ஓட்டத்தில் எல்லாப் பொருள்களையும் புரட்டாமல், மாறியவற்றை மட்டும் மென்பொருள் எடுத்துக்கொள்கிறது.

ஆனால் சிஓ40 மூலம் பிளான்டு ஆர்டரை உற்பத்தி ஆர்டராக மாற்றிய பிறகு கதை வேறு. உற்பத்தி ஆர்டரின் எண்ணிக்கையையோ தேதியையோ எம்ஆர்பி தொடாது. விற்பனை ஆர்டரின் தேதி முன்னால் வந்தால் 10ஆம் எண் செய்தி, பின்னால் போனால் 15, தேவையே இல்லாமல் போனால் 20. இவ்வளவுதான் அது செய்யும். இது குறை அன்று. கம்பி வெட்டி, மோட்டார் எடுத்து, அசெம்பிளி தொடங்கிவிட்ட வேலையை ஒரு இரவு ஓட்டம் சத்தமில்லாமல் மாற்றிவிட்டால் தளத்தில் யாரும் மென்பொருளை நம்பமாட்டார்கள். எனவே எவ்வளவு தாமதமாக மாற்ற முடியுமோ அவ்வளவு தாமதமாக உற்பத்தி ஆர்டராக மாற்றுங்கள் என்று திட்டமிடல் பிரிவிடம் சொன்னோம். வாரத் தொடக்கத்தில் அந்த வாரத்துக்கானவற்றை மட்டும் மாற்றுவது என்று அவர்கள் வழக்கப்படுத்திக்கொண்டனர்.

விற்பனை ஆர்டர் இருக்கிறது, எம்டி04 திரையில் அதைக் காணவில்லை என்ற புகார் மென்பொருள் நடைமுறைப் பயன்பாட்டுக்கு வந்த பிறகும் அவ்வப்போது வந்தது. பார்த்தால் டீலரின் கடன் வரம்பு தாண்டி ஆர்டர் நிறுத்தப்பட்டிருக்கும். கடன் நிறுத்தத்தில் உள்ள ஆர்டரின் தேவையை எம்ஆர்பிக்கு அனுப்ப வேண்டாம் என்ற 101 என்ற நிபந்தனை மென்பொருளில் வழக்கமாகவே இருக்கிறது. கணக்குப் பிரிவு விடுவித்தவுடன் தேவை தோன்றும், ஆனால் அதற்குள் ஒரு வாரம் போயிருக்கும், ஆர்டரின் தேதியோ பழையபடியே இருக்கும். விடுவிக்கும்போது தேதியையும் மறுபடி சோதித்து உறுதி செய்ய வேண்டும் என்பதைக் கணக்குப் பிரிவின் வேலைமுறையிலேயே சேர்க்க வேண்டியிருந்தது. இதற்கு நேர்மாறானவை கைவிடப்பட்ட பழைய ஆர்டர்கள்: டீலர் வாங்காமல் விட்டவை, பாதி கொடுத்து மீதி மறந்தவை. அவை கடந்த தேதியில் எம்டி04 திரையின் உச்சியில் நின்றுகொண்டு, ஒவ்வொரு இரவும் தமக்கான பம்ப்பைக் கேட்கும். மோனோபிளாக்கில் முன்கணிப்பையும் கழித்துவைத்திருக்கும். அவற்றுக்கு மறுப்புக் காரணம் கொடுத்து மூடிய பிறகே முதல் மாத எண்கள் நம்பத் தகுந்தவையாயின.

ஸ்ட்ராட்டஜி 20இல் ரத்தான ஆர்டர்களுக்குத் தயாராகி முடிந்த பம்ப்புகள் கடைசிப் பிரச்சினையாக மிஞ்சின. அவை அந்த ஆர்டரின் பெயரில் தனி இருப்பில் மாட்டிக்கொள்கின்றன. 411 இ என்ற, சரக்கு நகர்வைக் குறிக்கும் இயக்க வகையில் அவற்றைப் பொது இருப்புக்கு மாற்றலாம், 413 இ மூலம் வேறோர் ஆர்டரின் பெயருக்கு மாற்றலாம். 12 ஸ்டேஜுக்கு இன்னோர் ஆர்டர் கையில் இருந்தால் இரண்டாவது முறையை எடுத்துக்கொள்வது என்றும், இல்லையென்றால் பொது இருப்புக்குக் கொண்டுவந்து, இரண்டு மாதத்துக்குள் விற்காவிட்டால் பம்ப்பைப் பிரித்து மோட்டாரை மட்டும் மீட்டெடுப்பது என்றும் முடிவாயிற்று. பிரிக்கும் வேலைக்கென்று ஓர் எதிர்த்திசை பிஓஎம் தயாரிக்க வேண்டும். பிரித்தபின் இம்பெல்லர்களை எந்த விலைக்குத் திரும்ப இருப்பில் ஏற்றுவது என்பதைக் கணக்குப் பிரிவும் உற்பத்திப் பிரிவும் இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றன.